வனேடியம் பென்டாக்சைடு: ஆலையில் எதற்கு, உடம்பை என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கந்தக அமில ஆலையில் கேட்டலிஸ்ட் சலிக்கப் போகிறவர்கள், ஃபர்னஸ் ஆயில் பாய்லருக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவர்கள், அவர்கள் வீட்டார், ஆலைப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் இளம் பொறியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வனேடியத்தைப் பற்றித் தமிழில் தேடினால் தனிம அட்டவணைப் பாடம்தான் கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவனுக்கு அது போதாது.

வனேடியம் என்பது என்ன?

அணு எண் 23 கொண்ட ஓர் உலோகம். 1801இல் மெக்சிகோவில் ஆந்த்ரேஸ் மனுவேல் டெல் ரியோ என்பவர் இதை முதலில் கண்டார். ஆனால் அது குரோமியம்தான் என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, தன் கண்டுபிடிப்பைத் தானே கைவிட்டார். 1830இல் ஸ்வீடனில் செஃப்ஸ்ட்ரோம் இதை மறுபடியும் கண்டுபிடித்து, வனாதிஸ் என்ற ஸ்காண்டிநேவியப் பெண் தெய்வத்தின் பெயரை வைத்தார்.

உலோகமாக இருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து தூளாகவோ புகையாகவோ மாறும்போதுதான் கவனம் தேவை. அதில் முதலில் வருவது வனேடியம் பென்டாக்சைடு. மஞ்சளுக்கும் செங்கலுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருக்கும், வாசனை கிடையாது. சுமார் 690 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இந்த உருகுநிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாய்லர் கேள்வியில் அது மறுபடி வரும்.

எந்தெந்தத் தொழிலில் பயன்படுகிறது?

வெட்டியெடுக்கப்படும் வனேடியத்தில் மிகப் பெரும்பங்கு இரும்போடு கலந்த ஃபெர்ரோவனேடியமாக எஃகு உலைக்குப் போகிறது. எஃகில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே கம்பியின் வலிமை கூடிவிடும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் வனேடியம் எஃகு இருந்தது. சீனா 2018இல் கட்டுமானக் கம்பிக்கான தரத்தைக் கடுமையாக்கியபோது உலகச் சந்தையில் வனேடியத்தின் விலை எகிறியது. விமானப் பாகங்களுக்கும் எலும்பில் வைக்கும் இம்ப்ளான்ட்டுகளுக்கும் பயன்படும் டைட்டானியக் கலவை ஒன்றில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது.

மீதிதான் ரசாயனத் தொழிலுக்கு. கந்தக அமிலம், பிளாஸ்டிக்கிலும் பெயின்ட்டிலும் சேரும் தாலிக் அன்ஹைட்ரைடு, மலேயிக் அன்ஹைட்ரைடு, அனல்மின் நிலையப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் சாதனம், டைல்ஸுக்கான நீல, மஞ்சள் நிறமிகள், புதிதாக வந்திருக்கும் ஃப்ளோ பேட்டரி ஆகியவற்றில் இதற்கு வேலை உண்டு. அளவில் சிறியது என்றாலும் மனித நுரையீரலுக்கு மிக அருகே வருவது இந்தப் பங்குதான்.

கந்தக அமிலம் தயாரிக்க இது ஏன் வேண்டும்?

பள்ளியில் 'தொடு முறை' என்று படித்திருப்பீர்கள். கந்தகத்தை எரித்தால் கந்தக டை ஆக்சைடு வரும். அதைக் கந்தக டிரை ஆக்சைடாக மாற்றினால்தான் அமிலம் ஆக்க முடியும். அந்த மாற்றம் தானாக நடக்க விட்டால் மிக மெதுவாகவே நடக்கும். வேகப்படுத்த வினையூக்கி வேண்டும், ஆலையில் சொல்வதுபோல் சொன்னால் கேட்டலிஸ்ட். முதலில் பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார்கள். வாயுவில் துளி ஆர்சனிக் இருந்தாலும் பிளாட்டினம் செத்துவிடும், விலையும் அதிகம். வனேடியம் அந்த இடத்தைப் பிடித்து நூறு ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் அதை யாராலும் நகர்த்த முடியவில்லை.

கன்வர்ட்டர் என்னும் உயரமான கலத்துக்குள், பெரும்பாலும் நான்கு அடுக்குகளாக, கேட்டலிஸ்ட்டைப் பரப்பியிருப்பார்கள். சிறு வளையங்கள் அல்லது நட்சத்திர வடிவத் துண்டுகள், விரல் நுனி அளவில் இருக்கும். உள்ளே இருப்பது நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா. அதன்மேல் சில சதவீத வனேடியம் பென்டாக்சைடும் பொட்டாசியம் உப்பும் ஏற்றப்பட்டிருக்கும். 400 டிகிரிக்கு மேல் போனதும் அந்த உப்பு உருகி, துளைகளுக்குள் மெல்லிய திரவப் படலமாகப் படர்கிறது. வேலை நடப்பது அந்தத் திரவத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் கல் மாதிரி கிடக்கும் துண்டு, சூட்டில் உள்ளுக்குள் ஈரமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் எண்ணூர், தூத்துக்குடி உர ஆலைகளின் கந்தக அமிலமும் இந்த வழியில்தான் வருகிறது.

என் ஸ்பேனரில் 'குரோம் வனேடியம்' என்று எழுதியிருக்கிறது. தொடலாமா?

தாராளமாகத் தொடலாம். எஃகுக்குள் கட்டுண்ட வனேடியம் கைக்கு வராது.

அப்படியென்றால் ஆபத்து யாருக்கு?

ஆலை ஓடும்போது அங்கே வேலை பார்ப்பவருக்கு ஆபத்து குறைவு. கேட்டலிஸ்ட் மூடிய கலத்துக்குள் இருக்கிறது, பாய்லர் சாம்பல் குழாய்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலை நிற்கும் நாட்களில்தான் இரண்டும் வெளியே வருகின்றன. ஷட்டவுனுக்கு வருகிற ஆட்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். இந்த மாதம் ஒரு ஊர், அடுத்த மாதம் வேறு ஊர். ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு. அதிகத் தூசி குடிக்கும் ஆளோ அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. வனேடியம் பற்றி நான் அடித்துச் சொல்ல நினைக்கிற ஒரே விஷயம் இது. ஓடுகிற ஆலையின் காற்றை அளந்துவிட்டு 'எல்லாம் கட்டுக்குள்' என்று எழுதுவதில் பயனில்லை. அளக்க வேண்டியது ஷட்டவுன் நாளில், கலத்துக்குள் நிற்கிறவரின் மூக்குக்கு அருகே.

கேட்டலிஸ்ட் சலிப்பு என்றால் என்ன நடக்கிறது?

முதல் அடுக்கு, வாயுவோடு வரும் தூசியை வடிகட்டி மாதிரி பிடித்துக்கொள்கிறது. நாளாக ஆக அடைப்பு கூடி, வாயுவைத் தள்ள அதிக அழுத்தம் தேவைப்படும். அப்போது நிறுத்தி, துண்டுகளை வெளியே எடுத்து, சல்லடையில் ஆட்டி, பொடியை நீக்கி, நல்லதைத் திரும்பக் கொட்ட வேண்டும்.

உள்ளே இருவர் அல்லது மூவர் மண்டியிட்டு இருப்பார்கள். வேக்குவம் குழாய் இருந்தால் உறிஞ்சுவார்கள், இல்லாத இடத்தில் மண்வெட்டியும் பக்கெட்டும்தான். புதிதாக இருக்கும்போது மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருந்த துண்டுகள், ஓடி முடித்தபின் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு பக்கெட்டும் சல்லடையில் விழும்போது பொடி எழும்பும். ஓடிய கேட்டலிஸ்ட்டில் மிச்சமிருக்கும் கந்தக டிரை ஆக்சைடு ஈரத்தைக் கண்டால் அமிலமாகிவிடும். அதனால் பொடி வியர்வையில் படுகிற இடமெல்லாம் எரியும். கழுத்து, மணிக்கட்டு, மாஸ்க் விளிம்பு படும் கன்னம் ஆகியவைதான் முதலில் சிவக்கும். நிறுத்துவதற்கு முன் சூடான உலர் காற்றை நீண்ட நேரம் ஊதி அந்த வாயுவை வெளியேற்றுவது இதற்காகத்தான். அவசரத்தில் அந்த நேரத்தைக் குறைத்தால் அதன் விலையை உள்ளே இறங்குகிறவர் கொடுக்கிறார்.

சரி, இதைக் குறைக்க வழியில்லையா? உண்டு. வேக்குவம் குழாய், மூடிய சல்லடை, சல்லடைக்கு மேல் தூசி உறிஞ்சி மூன்றும் சேர்ந்தாலே காற்று வெகுவாகத் தெளியும். மாஸ்க் அதற்கு அப்புறம்தான்.

பாய்லரில் வனேடியம் எப்படி வந்தது? நாங்கள் ஊற்றுவது எண்ணெய்தானே?

கச்சா எண்ணெயிலேயே இருக்கிறது. வெனிசுவேலா எண்ணெயில் நிறையவே உண்டு. சுத்திகரிப்பில் பெட்ரோலும் டீசலும் மேலே போய்விடும், வனேடியம் அடியில் தங்கும் கனமான எண்ணெயிலும் பெட்கோக் என்னும் எண்ணெய்க் கரியிலும் சேர்ந்துவிடும். கப்பலுக்கு விற்கும் கனரக எரிஎண்ணெயின் பரவலான ஒரு தரத்தில் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை வனேடியம் இருக்கலாம் என்று சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. எண்ணெய் எரிந்து போகும், அந்த மில்லிகிராம்கள் போகாது. சாம்பலில் பென்டாக்சைடாகத் திரளும்.

உருகுநிலையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? எண்ணெயில் உள்ள சோடியத்தோடு சேர்ந்தால் இந்தச் சாம்பல் இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகி, குழாயில் பசை போல் ஒட்டி, இரும்பின் காப்புப் படலத்தைக் கரைத்துத் தின்கிறது. பாய்லர் குழாய் ஓட்டையாவதற்கும் கப்பல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போவதற்கும் இதுவே பழைய காரணம்.

ஒட்டிய சாம்பலைச் சுரண்டும்போது தூசி. அதே குழாயை கேஸ் கட்டர் வைத்து வெட்டினாலோ வெல்டு வைத்தாலோ புகை. புகை இன்னும் மோசம், துகள் மிகச் சிறியது என்பதால் நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எண்ணெயில் ஓடிய ஒரு மின் நிலையத்தை நிலக்கரிக்கு மாற்றும் வேலையில் இறங்கிய பாய்லர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மூச்சுக்குழல் அழற்சியோடு திரும்பினார்கள். 1984இல் அது மருத்துவ இதழில் பதிவானது. 'பாய்லர்மேக்கர்ஸ் பிராங்கைட்டிஸ்' என்று இந்த நோய்க்கு ஒரு பெயரே இருக்கிறது.

நம் ஊர் ஃபவுண்டரி, சிறு ஆலைகளில் ஃபர்னஸ் ஆயில் எரித்த பழைய பாய்லரைக் கழற்றி விற்கும்போதும் இதே கதைதான். ஸ்கிராப் எடுக்க வருகிறவரிடம் உள்ளே என்ன சாம்பல் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும்.

உள்ளே போனால் உடம்பை என்ன செய்யும்?

கண் எரியும், நீர் வடியும். மூக்கு ஒழுகும், சில சமயம் ரத்தம் வரும். தொண்டை கரகரக்கும். அப்புறம் இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் மாதிரி மூச்சுச் சத்தம். ஏமாற்றுவது என்னவென்றால், இருமல் பெரும்பாலும் அன்றைக்கே வருவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், இரவிலோ மறுநாளோ தொடங்கும். அதனால் பலர் 'சளி பிடித்துவிட்டது', 'ஏசி ரூமில் படுத்தேன்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

1967இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் பென்டாக்சைடு தூசி, 8 மணி நேரம். ஒரே ஒரு தடவைதான். அவர்களுக்கு வந்த இருமல் அடங்க 7 முதல் 10 நாள் ஆனது. ஒரு ஷிஃப்ட்டின் விளைவு இது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கும் புகைபிடிப்பவருக்கும் சிரமம் கூடுதல்.

திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு முன்பைவிடக் குறைந்த அளவிலேயே மூச்சிரைப்பு வரத் தொடங்குகிறது. தோலில் அரிப்பும் படையும் வரலாம். உணவோடு உள்ளே போனால் வயிறு அதில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சும். நுரையீரல் வழியாகப் போவது அப்படியில்லை, அதனால்தான் தூசியைப் பற்றியே இவ்வளவு பேச்சு.

நாக்கு பச்சையாகிவிட்டது. விஷம் ஏறிவிட்டதா?

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். வாயில் படிந்த வனேடியம் எச்சிலில் வேதி மாற்றம் அடைந்து பச்சையாகத் தெரிகிறது. வனேடியத்துக்கு இது இயல்பு. கரைசலில் அது இருக்கும் நிலையைப் பொறுத்து மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என்று நிறம் மாறும். வேலையை விட்டு விலகினால் சில நாட்களில் நாக்கின் நிறம் போய்விடும். பச்சை நாக்கு நோய் அல்ல. ஆனால் உங்கள் மாஸ்க் வேலை செய்யவில்லை என்பதற்கு அது நேரடிச் சாட்சி. ஒருவருக்கு நாக்கு பச்சையானால் அவரோடு உள்ளே இறங்கிய எல்லோரின் மாஸ்க்கையும் பார்க்க வேண்டும். நாக்கு பச்சையாகாததால் தூசி போகவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம்?

அமெரிக்கச் சட்டப்படி பென்டாக்சைடு தூசி ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமையும் புகை 0.1 மில்லிகிராமையும் எந்த நேரத்திலும் தாண்டக்கூடாது. இது பழைய எண். அந்நாட்டுத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரைப்பது வனேடியமாகக் கணக்கிட்டு 0.05 மில்லிகிராம்தான். மேலே சொன்ன தன்னார்வலர்கள் 0.2க்கே ஒரு வாரத்துக்கு மேல் இருமினார்கள் என்பதைப் பார்த்தால், 0.5 என்ற எண்ணை நம்பி ஆளை இறக்குவது சரியில்லை என்பது என் கருத்து. 0.05ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

அது எவ்வளவு சிறியது? 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 60 கன மீட்டர் காற்று. அதில் மொத்தமாக 3 மில்லிகிராம் வனேடியம் பரவினாலே வரம்பு வந்துவிடும். ஒரு அரிசியின் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். கண்ணுக்குத் தூசி தெரிகிறது என்றால் வரம்பைத் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது.

புற்றுநோய் வருமா?

அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் எலிகளையும் சுண்டெலிகளையும் 2 ஆண்டுகள் இந்தத் தூசியைச் சுவாசிக்க வைத்துப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டது. ஆண், பெண் சுண்டெலிகள் இரண்டிலும் நுரையீரல் கட்டிகள் தெளிவாகக் கூடின. ஆண் எலிகளில் ஓரளவு சான்று கிடைத்தது. இதை வைத்து உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வனேடியம் பென்டாக்சைடை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு, ஆனால் மனிதரிடம் நிரூபணம் இல்லை என்பது இதன் பொருள். ஒரு ஷட்டவுனில் வேலை பார்த்ததற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் இதே வேலைக்குப் போகிறவர் தூசியைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்.

துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. ஈரத்துண்டும் போதாது, சர்ஜிக்கல் மாஸ்க்கும் போதாது. இந்தத் துகள் அவற்றின் பக்கவாட்டு இடைவெளி வழியாகவே உள்ளே போய்விடும். தூசி குறைவான வெளிவேலைக்கு பி100 என்னும் உயர்தரத் தூசி வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும். தூசி கூடுதலான இடத்தில் கண்ணையும் மூடும் முழுமுக மாஸ்க். கன்வர்ட்டருக்கு உள்ளே, பாய்லர் டிரம்முக்கு உள்ளே என்றால் வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் ஏர்லைன் மாஸ்க்தான் முறை. அங்கே ஆக்சிஜன் குறைவு, மிச்ச வாயு ஆகிய கவலைகளும் உண்டு, வடிகட்டி அவற்றுக்கு உதவாது.

தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் இதை வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், கலத்தின் வாசலில் வைத்துச் சொல்லக் கூடாது.

தூசி பட்டுவிட்டது. உடனே என்ன செய்வது?

கண்ணில் விழுந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். தோலை நிறையத் தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பால் குடித்தால் சரியாகும், வாழைப்பழமும் வெல்லமும் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதெல்லாம் நம்பிக்கைதான். அவை வயிற்றுக்குப் போகின்றன, தூசி இருப்பது மூச்சுக்குழாயில்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'தூசியில் வேலை பார்த்தேன்' என்று மட்டும் சொன்னால் அவர் சிமென்ட் தூசி என்று நினைக்கலாம். 'வனேடியம் பென்டாக்சைடு' என்ற பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த மாஸ்க், இருமல் எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். நுரையீரல் ஊதல் பரிசோதனை உதவும். சிறுநீரில் வனேடியத்தை அளக்க முடியும், அது அண்மையில் பட்டதைத்தான் காட்டும், அதனால் தள்ளிப்போடக் கூடாது.

இருமல் நிற்கும்வரை மறுபடியும் அந்த வேலைக்கு இறங்காதீர்கள். கூலி போகிறதே என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆறாத மூச்சுக்குழாயில் இரண்டாவது தடவை படுவது இன்னும் கடுமையாகப் பிடிக்கும்.

வேலைத் துணியை வீட்டில் துவைக்கலாமா?

கூடாது. உதறும்போது எழும் தூசி, துவைக்கிறவருக்கும் குழந்தைக்கும் போகும். ஒருதடவை போட்டுக் கழிக்கும் கவர்ஆல் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. கொடுக்கவில்லை என்றால் ஆலையிலேயே குளித்து, துணியைப் பையில் கட்டி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கல்லூரி லேபில் அமோனியம் மெட்டாவனடேட் இருக்கிறது. அதுவும் அப்படித்தானா?

இதுவும் ஒரு வனேடியம் உப்புதான். வெள்ளைத் தூள், விழுங்கினால் நச்சு. எடை போடும்போது தூசி எழாமல் எடுங்கள், பிப்பெட்டில் வாயால் உறிஞ்சாதீர்கள், கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள். வனேடியம் ஆக்சி டிரைகுளோரைடு, வனேடியம் டெட்ராகுளோரைடு ஆகியவை வேறு ரகம். ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு புகை கக்கும், ஃப்யூம் ஹூடுக்கு வெளியே திறக்கவே கூடாது.

ஃப்ளோ பேட்டரி பாதுகாப்பானதா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு உருவாக்கியது இது. கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம் இரண்டு தொட்டிகளிலிருந்து சுழலும். திரவம் தண்ணீரில் கரைந்தது என்பதால் லித்தியம் பேட்டரி மாதிரி தீப்பிடிக்காது, அது பெரிய நன்மை. ஆனால் கசிந்தால் அமிலம், தோலைப் பொசுக்கும். கசிந்ததைத் துடைக்காமல் காய விட்டால் மீதியாவது வனேடியம் உப்புத் தூள். நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 40 டிகிரிக்கு மேல் சூடானால், சார்ஜ் ஏறிய பக்கத்துத் திரவத்திலிருந்து பென்டாக்சைடு படிந்து குழாயை அடைக்கும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் இதை வைப்பவர் குளிரூட்டலுக்கும் கணக்குப் போட வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வனேடியம் மாத்திரை நல்லதாமே?

வேண்டாம். 1899லேயே பிரான்சில் சர்க்கரை நோயாளிகளுக்கு வனேடியம் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் எலிகளில் சர்க்கரை இறங்கியதும் ஆர்வம் மறுபடி கிளம்பியது. இன்சுலின் சமிக்ஞையை அணைக்கும் நொதிகளை வனேடியம் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பலன் கிடைக்கும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இன்றுவரை எந்த வனேடியம் மருந்தும் சர்க்கரை நோய்க்கு அங்கீகாரம் பெற்று நடைமுறைக்கு வரவில்லை.

ஜிம் கடைகளிலும் ஆன்லைனிலும் 'வனடைல் சல்ஃபேட்' என்று விற்கிறார்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2001இல் பெரியவர்களுக்கு வைத்த உச்ச வரம்பு நாளுக்கு 1.8 மில்லிகிராம் வனேடியம், அதுவும் விலங்குகளின் சிறுநீரகத்தில் தெரிந்த பாதிப்பை வைத்து. ஆய்வுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்த அளவு இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் பலருக்கு வந்தன. சர்க்கரையால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர் இதை விழுங்குவது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். எங்களுக்கு?

ஒழுங்காக மூடி இயங்கும் அமில ஆலையிலிருந்து கேட்டலிஸ்ட் தூசி உங்கள் வீட்டுக்கு வர வழி குறைவு. அங்கே நீங்கள் கவலைப்பட வேண்டியது கந்தக டை ஆக்சைடு. ஊர்க் காற்றில் வனேடியம் வருவது கனரக எண்ணெயும் பெட்கோக்கும் எரிவதால்தான். துறைமுக நகரங்களில் கப்பல் புகை எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் காற்றில் வனேடியத்தைத்தான் தேடுவார்கள். 2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, பல துறைமுகங்களில் காற்றின் வனேடியமும் கூடவே குறைந்தது.

கழித்த கேட்டலிஸ்ட்டை என்ன செய்கிறார்கள்?

அமிலத் தயாரிப்பில் கழிந்த கேட்டலிஸ்ட் இந்திய விதிகளின்படி அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கோ பாதுகாப்பான நிரப்புக் கிடங்குக்கோதான் போக வேண்டும். மறுசுழற்சிதான் நல்ல வழி. இந்தியாவுக்குச் சொந்தமாக வனேடியச் சுரங்கம் இல்லை, அருணாசலப் பிரதேசத்தின் பாபும் பரே மாவட்டத்தில் கனிமம் தென்பட்டிருக்கிறது. கழிவிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கிலோவும் நமக்கு லாபம்.

நடைமுறையில் பார்த்தால், டிரம்கள் ஆலையின் பின்பக்கம் மூடி துருப்பிடித்துக் கிடக்கும். இந்தப் பொருள் ஈரத்தை இழுக்கும். ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் இறங்கினால் அமிலமும் வனேடியமும் கலந்த பச்சைத் தண்ணீர் டிரம்மை அரித்துக்கொண்டு மண்ணுக்குப் போகும். அந்த டிரம்மைக் காலிசெய்து தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. டிரம்மில் என்ன இருந்தது என்று தமிழில், ஹிந்தியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஷட்டவுனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களாக இருந்தால், அவர்கள் படிக்கும் மொழியிலும் எழுத வேண்டும். கூரைக்குக் கீழே, சிமென்ட் தளத்தில், மூடி இறுக்கமாக வைத்து, அடுத்த லாரியிலேயே அனுப்பிவிடுங்கள்.